பக்கத்தில் நிற்பவரின் குரல்

வாசகர் கேள்வி – பதில்

கிறிஸ்தவ ஆலயங்களில் ஆராதனைப் பாடல்களை நடத்தும் வாலிபர் துதிக்குழுக்கள் பெருகியிருக்கும் இக்காலத்தில், அக்குழுக்களுக்குள் எழும் சிக்கல்களைக் குறித்துக் கொங்கு நாட்டின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. எழுதியவர்களின் பெயர்களை விட்டுவிட்டு, ஊரை மட்டும் குறிப்பிட்டு, அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கடிதங்கள் சுருக்கித் தரப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் ஆலயத்தின் வாலிபர் துதிக்குழுவை நான் ஒருங்கிணைத்து வருகிறேன். குழுவில் பெரும்பாலோர் கல்லூரியில் படிக்கிறவர்கள். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி மட்டும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி என்றால் அவன் ஏழரைக்குத்தான் வருகிறான். சில வாரங்களில் வருவதே இல்லை. "இன்னைக்கும் லேட் ஆயிருச்சுங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வான். சென்ற வாரம் அவன் சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்து ஓரிருவர் சிரித்தும் விட்டார்கள். பயிற்சிக்கு வராதவர் மேடையேறக் கூடாது என்று முன்பே விதி வைத்திருக்கிறோம். அதை அவனுக்கும் பொருத்த வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். விதி எல்லாருக்கும் பொதுவானதல்லவா?
— ஒரு சகோதரி, திருப்பூர்

பதில்: விதி பொதுவானதுதான், சகோதரி. ஆனால் அந்த விதியை வைத்தபோது சனிக்கிழமை மாலை யாருக்கெல்லாம் ஓய்வாக இருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள் என்பது நான் சொல்லி உங்களுக்குத் தெரியவேண்டியதில்லை. ஒரு வாரம் செய்த வேலைக்குக் கணக்குப் பார்த்துக் கூலி கைக்கு வரும்வரை அந்தத் தம்பி கம்பெனியை விட்டு நகர முடியாது. சரக்கு அனுப்பவேண்டிய அவசரம் உள்ள வாரமாக இருந்தால், காலை எட்டரைக்குத் தொடங்கிய வேலை ஒன்றரை ஷிப்டாகி இரவு எட்டரை வரை நீளும். அவன் பீஸ் ரேட்டில், அதாவது செய்து முடிக்கும் எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், வேலை செய்கிறவனாக இருந்தால், உங்கள் பயிற்சிக்காக முன்கூட்டியே எழுந்து வரும் ஒவ்வொரு மணி நேரமும் அவன் வீட்டு அரிசியிலிருந்துதான் குறையும். படிக்கிறவர்களுக்கு மிகவும் தோதான மாலையும், வேலைக்குப் போகிறவனுக்கு மிகவும் நெருக்கடியான மாலையும் ஒன்றாக அமைந்துவிட்டது. யாரும் வேண்டுமென்று அப்படிச் செய்யவில்லை. குழுவில் அவன் ஒருவனே கூலி வேலைக்குப் போகிறவன் என்பதால் யாருக்கும் அது தோன்றாமல் போயிற்று, அவ்வளவுதான்.

ஆகையால் அவனை நிறுத்துவதைப் பற்றி யோசிக்கும் முன் பயிற்சிக் கிழமையை மாற்றுங்கள். ஞாயிறு ஆராதனை முடியும்போது எல்லாரும் ஆலயத்தில்தான் இருக்கிறீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கான பாடல்களை அன்றே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடிப் பார்த்துவிட்டு, அதைக் கைபேசியில் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டால், வாரம் முழுவதும் பாட்டு காதில் ஓடிக்கொண்டிருக்கும். முந்தின நாள் மாலையில் அவசரமாகக் கற்றுக்கொள்வதைவிடப் பாட்டுக்கும் அதுவே நல்லது. பிறகு ஞாயிறு காலையில் ஆராதனைக்கு முக்கால் மணி நேரம் முன்பாகக் கூடினால், மைக்குகளைச் சரிபார்த்து, ஒவ்வொரு பாடலின் தொடக்கத்தையும் முடிவையும் ஒருமுறை வாசித்துக்கொள்ளப் போதுமானதாக இருக்கும். அந்த நேரத்தில் புதிய பாட்டைக் கற்பிக்கத் தொடங்கிவிடாதீர்கள். குழு முழுவதும் படபடப்போடுதான் மேடையேறும்.

வேதாகமத்தில் முதலாம் நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தைக் குழுவாக உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். தாவீது ராஜாவின் காலத்துப் பாடகர் தலைவர்களான ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகியோரின் குமாரர் உட்படப் பாட்டில் தேர்ந்தவர்கள் 288 பேர் இருந்தார்கள் என்றும், அவர்கள் 24 பிரிவுகளாக ஊழிய முறைக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டார்கள் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. பிரிவுக்குப் பன்னிரண்டு பேர். சிறியவரும் பெரியவரும், கற்பிக்கிறவரும் கற்கிறவரும் ஒரே சீட்டுக்குள் அடங்கினார்கள் என்பதை அந்தப் பகுதி தனியாகக் குறிப்பிடுகிறது. திறமை தேவையில்லை என்று அதற்குப் பொருளில்லை, ஏனென்றால் எல்லாரும் தேர்ந்தவர்கள் என்று முதலிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. முறை வகுக்கும்போது மட்டும் யாருடைய கையும் ஓங்கி நிற்கவில்லை. உங்கள் குழுவிலும் மாதத்தில் எந்த ஞாயிறு யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி, அதில் அந்தத் தம்பிக்கு வேலை நெருக்கடி இல்லாத வாரங்களைக் கேட்டுக் கொடுங்கள். குழுவின் வாட்ஸ்அப்பில் எல்லார் முன்னிலையிலும் கேட்காமல், ஆலயத்து வாசலில் தனியாக நிறுத்திக் கேளுங்கள். அவன் வராத வாரங்களுக்கென்று இன்னொருவரைப் பழக்கவேண்டியிருந்தால், பழக்கும் பொறுப்பையும் அவனிடமே கொடுங்கள். தன் இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்ற எண்ணம் அவனுக்கு வராது.

இவ்வளவும் செய்த பிறகும் காரணமில்லாமல் வராமல் இருந்தால் அப்போது விதியைப் பொருத்துங்கள். வேலையால் தாமதமாகிறவரும் அலட்சியத்தால் தாமதமாகிறவரும் ஒன்றல்லர். இரண்டாவது வகையினர் உங்கள் கல்லூரி மாணவர்களிலும் இருக்கலாம், அவர்களுக்கும் அதே விதிதான்.

பஞ்சைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நாள் முழுவதும் துணிக்கு நடுவே நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஆலயத்துக்கு வந்தவன் அவன். சிரித்தவர்களிடம் நீங்கள் பேசியாக வேண்டும். தாமதத்தைப் பற்றி அவனிடம் பேசுவதற்கு முன்பே பேசுங்கள்.

கேள்வி: எங்கள் ஆலயத்தில் பல்லாண்டுகளாகப் பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசித்து வந்தேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இப்போது வாலிபர்கள் கீபோர்டு, டிரம்ஸ், கிட்டார் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டார்கள். கீர்த்தனைகள் பாடுவது குறைந்துவிட்டது. பாடினாலும் அவை கீர்த்தனைகளாக ஒலிப்பதில்லை. சபையார் வாய்மூடி நிற்கிறார்கள். நாங்கள் ஒதுங்கிக்கொள்வதா, எதிர்த்துப் பேசுவதா?
— ஒரு மூத்த வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: இரண்டும் வேண்டாம், ஐயா. எண்ணாகமம் 8-ஆம் அதிகாரத்தில், ஆலயப் பணிக்கென்று பிரிக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியரின் ஊழியத்துக்கு வயது வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது: 25 வயதில் தொடங்கி 50 வயதில் பாரமான வேலையை விட்டுவிட வேண்டும், அதன் பிறகு ஆசரிப்புக் கூடாரத்தில் தம் சகோதரரோடு இருந்து அவர்களுக்கு உதவி செய்யலாம். பொறுப்பை இளையவர்களிடம் விட்டுவிட்டு, ஆனால் அதே கூடாரத்துக்குள்ளேயே நிற்கும் அந்த இடந்தான் இன்று உங்களுக்கு உரியது என்று எனக்குப் படுகிறது. வாலிபர்களின் பயிற்சிக்கு மாதத்தில் ஒருமுறையாவது ஆர்மோனியத்தோடு போய் உட்காருங்கள். அழைப்பு வரவில்லையென்றால் ஆயரிடம் சொல்லி அழைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் சொல்லும் குறை உண்மையானது. அதற்கு இசைக்குள்ளேயே காரணம் இருக்கிறது. நம் கீர்த்தனைகள் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இராக தாளத்தில் கட்டப்பட்டவை. ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கையில் அமைந்தவையும் உண்டு, மூன்றாகவும் ஏழாகவும் நடப்பவையும் உண்டு. கீபோர்டில் பதிந்தே வரும் தாளக்கட்டுகளில் பெரும்பாலானவை நான்கின் மடங்கில் நடப்பவை. மிஸ்ர சாபுவில், அதாவது மூன்றும் நான்குமாக ஏழு எண்ணிக்கையில் நடக்கும் ஒரு கீர்த்தனையை அந்தக் கட்டுக்குள் திணித்தால், ஒவ்வொரு அடியிலும் ஒரு எண்ணிக்கையை இழுத்துச் சேர்க்க வேண்டும். சொல் போய் வேறிடத்தில் விழும், பாட்டை அறிந்த மூத்தவர்கள் தடுமாறி நிறுத்திவிடுவார்கள். வாலிபர்களிடம் இதைக் குற்றமாகச் சொல்லாமல், தாளக்கட்டை நிறுத்திவிட்டுக் கையால் தட்டிக் காட்டுங்கள். நல்ல டிரம்ஸ் வாசிப்பவன் ஏழு எண்ணிக்கையைக் கற்றுக்கொள்ள மிகவும் ஆசைப்படுவான். இதை நான் பயிற்சி கொடுத்த இடங்களில் கண்டிருக்கிறேன்.

இன்னொரு காரணம் சுதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமாக வைக்கும் சுரத்தின் உயரம். ஆர்மோனியக் கட்டைக் கணக்கில் சொன்னால், நம் வழக்கத்தில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் ஆறு கட்டைக்குள்ளும் சுதி வைத்துப் பாடுகிறார்கள். ஆணும் பெண்ணும் கலந்த சபை தனியொருவரின் சுதியில் பாட முடியாது. ஆனால் வாலிபர்கள் யூடியூபில் கேட்ட அதே சுதியில், அந்தப் பாடகருடைய குரலுக்கு ஏற்றபடி வைத்த சுதியில், அப்படியே வாசித்துவிடுகிறார்கள். பாட்டின் மிக உயர்ந்த சுரம் எது என்று முதலில் பாருங்கள். கீபோர்டின் நடு 'சி'க்கு அடுத்த மேல் 'சி' அல்லது அதையடுத்த 'டி'யோடு அது நின்றுவிட்டால், பெண்கள் அந்த இடத்திலும் ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் சிரமமில்லாமல் பாடலாம். அதற்கு மேலே போனால், ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி இறக்க ஒரு நொடி போதும். சபை வாய்மூடி நிற்பதற்கு விசுவாசக் குறைவு காரணம் என்று மேடையிலிருந்து சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறேன், அது எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் தொண்டைக்கு எட்டாத இடத்தில் பாட்டை வைத்துவிட்டு அவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல.

கோயம்புத்தூர்ப் பேராயத்தின் முதல் பேராயராக 1950-இல் பொறுப்பேற்ற ஏ. ஜே. அப்பாசாமி, கிறிஸ்தவ வாழ்வைத் தமிழ் மண்ணின் பக்தி நெறி வழியாக விளங்கிக்கொள்ள முடியும் என்று வாழ்நாளெல்லாம் எழுதியவர். அவர் பேராயராக இருந்த நாட்டில் கீர்த்தனை மறந்துபோவதை வாலிபர்களும் விரும்பமாட்டார்கள், எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால். ஒரு ஆராதனைக்கு ஒரு கீர்த்தனை என்று மட்டும் கேளுங்கள். அதன் கடைசிச் சரணத்தில் எல்லாக் கருவிகளையும் நிறுத்திவிட்டுச் சபையை மட்டும் பாடவிடச் சொல்லுங்கள். குழு தன் வேலையைச் சரியாகச் செய்ததா என்பது அந்தச் சரணத்தில் எல்லார் காதுக்கும் கேட்டுவிடும்.

கேள்வி: எங்கள் துதிக்குழுவில் இரண்டு சகோதரிகள் ஒரே மைக்கின் இரு பக்கமும் நின்று பாடுகிறார்கள். சென்ற கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் தனிப்பாடல் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. மற்றவர் அதை வைத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏதோ போட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. ஆராதனையில் ஒற்றுமையைப் பற்றிப் பாடும்போது எனக்கு உள்ளுக்குள் கூசுகிறது. குழுத்தலைவனாக இருவரையும் நிறுத்திவைக்கட்டுமா? அல்லது கண்டுகொள்ளாமல் விட்டுவிடட்டுமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்களுக்குக் கூசுவது நல்ல அடையாளம், தம்பி. கூசாமல் போயிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை நீங்கள் அறிவீர்கள்: பலிபீடத்தண்டை காணிக்கையோடு நிற்கும்போது சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகிவிட்டு வர வேண்டும். அதில் ஒன்றைக் கவனியுங்கள். காணிக்கையை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லவில்லை. பலிபீடத்தின் முன்பாகவே அது காத்திருக்கிறது, கொண்டுவந்தவர் திரும்பி வந்து செலுத்த வேண்டும். ஆகவே நிறுத்திவைப்பதைத் தண்டனையாகச் செய்யாதீர்கள். கண்டுகொள்ளாமல் விடுவதற்கோ அங்கே இடமே இல்லை.

முதலில் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தனிப்பாடல் ஒருவருக்கு எப்படிக் கொடுக்கப்பட்டது? பெரும்பாலான குழுக்களில் அது டிசம்பர் மாதத்து அவசரத்தில், ஓர் இரவில், கைக்கு எட்டிய பெயரைச் சொல்லி முடிந்துவிடும். கொடுத்தவருக்கு அது நினைவில்கூட இருக்காது; கிடைக்காதவருக்கு ஆண்டு முழுவதும் நினைவிருக்கும். எந்தப் பாட்டு யாருடைய குரலுக்குப் பொருந்துகிறது என்பதைச் சொல்லி, முன்கூட்டியே இருவரையும் அழைத்து, இந்த ஆண்டு இவர், உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு அவர் என்று விளக்கியிருந்தால் ஸ்டேட்டஸ் வரை போயிருக்காது. இந்தக் குறையில் உங்களுக்கும் பங்கு இருக்குமானால், அதை நீங்களே முதலில் இருவரிடமும் தனித்தனியாக ஒப்புக்கொள்ளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். தங்கள் இருவரில் யாரும் முதலில் இறங்கவேண்டியதில்லை என்ற நிம்மதி அவர்களுக்குக் கிடைக்கும்.

அதன் பிறகு இருவரையும் ஒன்றாக உட்காரவையுங்கள். ஆயரின் துணைவியாரோ, இருவரும் மதிக்கும் மூத்த சகோதரி ஒருவரோ கூட இருக்கட்டும். குழு முழுவதையும் கூட்டி வைத்துச் சமாதானம் பேசாதீர்கள். ஆராதனைக்கு நடுவே கைகுலுக்கச் சொல்லாதீர்கள். சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். பத்துப் பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறவர் பத்துப் பேருக்காகத்தான் கேட்பார். ஸ்டேட்டஸ் போட்டவர், "நான் போட்டது உங்களைப் பற்றித்தான், தப்புங்க அக்கா" என்று ஒரு வரி சொன்னால் போதும். யாரைப் பற்றியும் அல்ல, பொதுவாகப் போட்டேன் என்று சொல்லி முடிக்கும் சமாதானம் அடுத்த பண்டிகை வரைக்கும் தாங்காது.

இருவரும் ஒப்புக்கொண்டால், ஒரு மாதம் மேடையிலிருந்து இருவருமே இறங்கிச் சபையோடு உட்கார்ந்து பாடட்டும். காரணம் வெளியில் தெரியவேண்டியதில்லை. முறைப்பட்டியலில் அந்த மாதம் அவர்கள் பெயர் இல்லை, அவ்வளவே. ஒருவரை மட்டும் இறக்கினால் தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

மேடைக்குத் திரும்பும்போது ஒரு சிறிய பயிற்சியைச் செய்து பாருங்கள். மைக்கும் கீபோர்டும் இல்லாமல் இருவரையும் அருகருகே நிறுத்தி, ஒரே ஒரு வரியை வாய்மூடி முனகச் சொல்லுங்கள். பிறகு அதே வரியைச் சொற்களோடு பாடச் சொல்லுங்கள். இரண்டு குரல்கள் சேர்ந்து ஒலிக்க வேண்டுமானால் மூச்சு ஒரே இடத்தில் எடுக்கப்பட வேண்டும், 'ஆ'வும் 'ஓ'வும் ஒரே அளவுக்கு வாய் திறந்து ஒலிக்க வேண்டும், வரியின் கடைசி எழுத்தை இருவரும் ஒரே நேரத்தில் மூட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு இழுப்பது காதில் விழாமல் இவற்றில் ஒன்றும் நடக்காது. பேச்சில்லாமல் பாடும் இருவரின் பாட்டில் சுதி சரியாகவே இருக்கும். வரியின் முடிவில் மட்டும் ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக விழுவார்கள். நீங்கள் இத்தனை மாதங்களில் அதைக் கவனித்திருக்கக்கூடும்.

ஒருவர் இறங்கி வந்து, மற்றவர் பிடிவாதமாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கூடுமானவரை, நம் கையில் இருக்கும் அளவுக்குச் சமாதானமாயிருக்க வேண்டும் என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதுகிறார்; மற்றவர் கையில் இருப்பதற்கு நம்மைப் பொறுப்பாக்கவில்லை. இறங்கி வந்தவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். பிடிவாதமாக இருப்பவரிடம், உங்கள் இடம் காத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாதம் ஒருமுறையாவது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கிறாள். துதிக்குழுவில் பாடுகிறாள். பயிற்சி முடிந்து சில நாட்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வருகிறாள். ஆண் பிள்ளைகளும் இருக்கும் குழு. உறவினர்கள் ஒரு மாதிரி பேசுகிறார்கள். அனுப்பலாமா, கூடாதா?
— ஒரு தாய், பொள்ளாச்சி

பதில்: அனுப்புங்கள் அம்மா, ஆனால் ஒன்பது மணிக்கு அல்ல. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் இருக்கும் குழுவின் பயிற்சி வெளிச்சம் இருக்கும்போதே முடிய வேண்டும். பயிற்சி நடக்கும் இடத்தில் பெரியவர்கள் இருவராவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். குழுவின் வாட்ஸ்அப்பில் பெற்றோர் ஒருவரும் இடம்பெற வேண்டும். குழுத்தலைவர் சிறுமிகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்புவது கூடாது. இவற்றை உங்கள் மகளுக்காக மட்டும் கேட்காமல், எல்லாப் பிள்ளைகளுக்குமான ஒழுங்காக ஆலயக் கமிட்டியிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த நல்ல ஆயரும் இதை மறுக்கமாட்டார்.

உறவினர் பேச்சுக்காக மகளை நிறுத்திவிடாதீர்கள். நேரத்தை ஒழுங்கு செய்யவேண்டியது குழுவை நடத்துகிற பெரியவர்கள். அவர்கள் செய்யாததற்குப் பாட்டை இழக்கவேண்டியவள் அவள் அல்ல.

கேள்வி: எங்கள் ஆலயம் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறது. எதிர்வீட்டுக்காரர் சத்தத்தைப் பற்றிப் புகார் கொடுக்கப் போவதாகச் சொல்கிறார். ஊழியத்துக்கு வரும் தடையாக இதை எடுத்துக்கொண்டு ஜெபிக்கிறோம். மேலும், நாங்கள் பாடும் பாடல்களை யூடியூபில் ஏற்றலாமா என்றும் அறிய விரும்புகிறோம்.
— வாலிபர் ஐக்கியத்தினர், கோயம்புத்தூர்

பதில்: ஜெபியுங்கள், அதோடு மிக்சரில் சத்தத்தையும் குறையுங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் வரம்பு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. அதே ஆண்டு ஆகஸ்டில், சென்னையில் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் வைத்து ஆராதித்த ஒரு சபையின் வழக்கில், ஒலிபெருக்கி வைத்தோ டிரம்ஸ் அடித்தோ பிறருடைய அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. ஆகவே எதிர்வீட்டுக்காரரைத் தடையாக எண்ண வேண்டாம். உங்களில் இருவர் அவர் வீட்டுக்குப் போய், அவருடைய கூடத்தில் உட்கார்ந்து, ஆலயத்தில் நடக்கும் பயிற்சியைக் கேட்டுப் பாருங்கள். அவர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ, படுக்கையில் இருக்கும் முதியவரோ இருக்கலாம்.

நம் ஆலயங்களின் காங்கிரீட் சுவர்களும் டைல்ஸ் தரையும் சத்தத்தைத் திருப்பி அடிப்பவை. மேடையில் டிரம்ஸ் ஓங்கினால் பாடுகிறவர் மைக்கை ஏற்றுவார், மைக் ஏறினால் கீபோர்டு ஏறும், முடிவில் மைக் கூவத் தொடங்கும். டிரம்ஸிலிருந்துதான் குறைத்துக்கொண்டு வர வேண்டும். சிறிய ஆலயமானால், மேலே உட்கார்ந்து கையால் தட்டும் கஹோன் பெட்டியோ தபேலாவோ போதும். ஒலிபெருக்கிகளைச் சன்னல் பக்கம் திருப்பாமல், சபையை நோக்கிச் சற்றுக் கீழாகச் சாய்த்து வையுங்கள்.

யூடியூபைப் பொறுத்தவரை, 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஆலயத்தில் ஆராதனையில் பாட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அதைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். இயற்றியவர் வாழும் காலமும் அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகளும் பாட்டுக்கு உரிமை உண்டு. பழங்காலக் கீர்த்தனைகளுக்கு இந்தக் காலம் என்றோ கடந்துவிட்டது, அவற்றைத் தாராளமாக ஏற்றலாம். இன்று வாழும் ஊழியர்களின் பாடல் என்றால் அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். பலர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். வேறொருவர் வெளியிட்ட இசைத்தடத்தைப் பின்னணியாக வைத்துப் பாடி ஏற்றுவது மட்டும் அனுமதியில்லாமல் வேண்டாம், ஏனெனில் பழைய பாட்டானாலும் அந்தப் பதிவுக்குத் தனி உரிமை இருக்கிறது.

கேள்வி: எங்களுடையது கிராமத்துச் சபை. கீபோர்டு வாசிக்க டவுனிலிருந்து ஒரு தம்பி வருகிறார். அவருக்குப் பணம் கொடுப்பது ஊழியத்தை வியாபாரமாக்கிவிடும் என்று கமிட்டியில் சிலர் சொல்கிறார்கள்.
— ஒரு சபை ஊழியர், தாராபுரம்

பதில்: நெகேமியா 13-ஆம் அதிகாரத்தைக் கமிட்டியில் வாசித்துக் காட்டுங்கள். லேவியருக்கும் பாடகருக்கும் உரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்கள் ஊழியத்தை விட்டுத் தத்தம் நிலங்களுக்குப் போய்விட்டார்கள். நெகேமியா தலைவர்களைத்தான் கடிந்துகொண்டார், பாடகர்களை அல்ல. கொடுக்கும் தொகையை அந்தத் தம்பியிடம் முன்கூட்டியே பேசி முடிவு செய்து, ஆலயக் கணக்கில் செலவாக எழுதி, மாத முடிவில் ஆயரோ பொருளாளரோ கையில் கொடுங்கள். உறையை யார் யாரிடமோ கொடுத்தனுப்பி மேடைக்குப் பின்னால் திணிக்க வேண்டாம். பஸ் செலவு அதற்கு மேல் தனி. பணம் வேண்டாம் என்று அவரே சொன்னால், பஸ் செலவையாவது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆராதனை முடிந்து பஸ் வரும்வரை அவர் தனியே நிற்காமல், முறை வைத்து யாராவது ஒருவர் வீட்டில் சாப்பிட்டுப் போகட்டும்.